கெய்தாய் யாருடைய பேரன்?

அன்புள்ள முத்து,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, சுவரைப் பிடிக்காமல் வாசல்வரை நடக்கிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே, வலி குறைந்ததும் நிறுத்திவிடத் தோன்றும். இங்கே எல்லோரும் நலம். பேத்தி பள்ளிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பியபின் பகல் முழுதும் எனக்குத்தான். ஒசாகாவில் உட்கார்ந்துகொண்டு அந்த நேரத்தைப் பழைய அரசர்களுக்குக் கொடுக்காமல் வேறு எதற்குக் கொடுப்பேன், சொல்.

ஜப்பானிய அரச குடும்பம் 126 தலைமுறையாக ஒரே வம்சம் என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை என்று கேட்டிருந்தாய். முதலில் ஒன்று: 126 என்பது தலைமுறைக் கணக்கு இல்லை, பட்டத்துக்கு வந்தவர்களின் வரிசை எண். இப்போதைய பேரரசர் நருஹிதோ 126-ஆவது. அண்ணனுக்குப் பின் தம்பியும், கணவர் வழியில் மனைவியும் ஆண்டிருக்கிறார்கள். அதனால் தலைமுறைகள் அதைவிடக் குறைவு. 6-ஆம் நூற்றாண்டில் ஆண்ட கிம்மெய்யிலிருந்து இன்றுவரை வரும் தொடர்ச்சியைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். அதற்கு முன்னால் போகப்போகத்தான் சிக்கல்.

பட்டியலின் தலைவர் ஜிம்மு. கி.மு. 660-இல் முடிசூடி 127 வயதுவரை வாழ்ந்ததாக 720-இல் தொகுத்த நிஹோன் ஷோகி என்ற அரசவை வரலாற்று நூல் சொல்கிறது. அதற்கு எட்டு ஆண்டு முந்திய கொஜிகி என்ற நூல் 137 என்கிறது. ஜிம்முவுக்குப் பின் வரும் எட்டுப் பேருக்கு மனைவி, பிள்ளைகள், அரண்மனை, கல்லறை என்ற விவரங்களே உண்டு, அவர்கள் செய்தது என்று ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கி.மு. 660 எப்படி வந்தது என்பதை மெய்ஜி காலத்து அறிஞர் நாகா மிச்சியோ விளக்கினார். 60 ஆண்டுச் சுற்று 21 முறை சேர்ந்தால் 1260 ஆண்டு. பெரும் மாற்றம் நிகழும் கால அளவு அது என்பது பழைய சீன நம்பிக்கை. சுய்கோ அரசியின் காலமான கி.பி. 601-ஐ அடிப்படையாக வைத்து அத்தனை ஆண்டு பின்னால் போனால் கி.மு. 660 வந்துவிடுகிறது. ஆக, அந்த ஆண்டு நினைவிலிருந்து வந்ததல்ல, கணக்குப் போட்டு வைத்தது.

இந்த எட்டுப் பேரும் தந்தைக்குப் பின் மகன் என்று வரிசை பிசகாமல் வருகிறார்கள். ஆனால் சான்றுகள் கிடைக்கும் 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் அண்ணன் தம்பிகள்தான் மாறி மாறி ஆள்கிறார்கள், உறவுக்குள்ளேயே கொலையும் நடக்கிறது. ஒரு மகனும் தவறாத அந்த ஒழுங்கே எனக்கு அதன்மேல் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

நிலம் தந்த சான்றுகளில் என் மனத்துக்கு நெருக்கமானது ஒரு வாள். தோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமாவில் இனாரியாமா என்ற புதைமேடு இருக்கிறது. 1968-இல் அதைத் தோண்டியபோது துருப்பிடித்த இரும்பு வாள் ஒன்று கிடைத்தது. பத்து ஆண்டுகள் அதில் எழுத்து இருப்பதே யாருக்கும் தெரியவில்லை. 1978-இல் பாதுகாப்புப் பணிக்காக எக்ஸ்ரே எடுத்தார்கள். துருவுக்கு அடியில் பொன்னிழைத்த 115 எழுத்துகள்! ஒவாகே என்ற வீரன் 471-இல் எழுதச் செய்தது என்பது பெரும்பாலோர் கருத்து. ஓஹோஹிக்கோ என்ற மூதாதையிலிருந்து தன்வரை எட்டுத் தலைமுறைப் பெயர்களை வரிசையாகச் சொல்கிறான். தன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாளேந்துவோரின் தலைமைப் பணியில் இருந்ததாகவும், வகாதகேரு என்ற பேரரசருக்குத் தானே ஆட்சியில் துணை நின்றதாகவும் சொல்கிறான். அந்த வகாதகேருதான் நிஹோன் ஷோகியில் யூர்யாக்கு என்று வருபவர். அந்தப் பெயரையே தாங்கிய இன்னொரு வாள் 1873-இலேயே கியூஷுவின் குமமோத்தோவில் கிடைத்திருந்தது, ஆனால் தேய்ந்துபோன அந்தப் பெயரை இந்த வாளைப் பார்த்தபின்தான் சரியாகப் படிக்க முடிந்தது. நாட்டின் இரு ஓரங்களிலும் ஒரே அரசரின் பெயர், முத்து! நூல்கள் எழுதப்படுவதற்கு இருநூற்றைம்பது ஆண்டு முன்பே தன் பாட்டன் பூட்டன் பெயர்களைப் பொன்னில் பதித்து வைத்த அந்த வீரனை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

யூர்யாக்குவைப் பற்றி வெளிச்சாட்சியும் உண்டு. தென்சீனத்துச் சோங் அரசின் வரலாறு, தூது அனுப்பிய ஐந்து வா நாட்டு (சீனர் ஜப்பானை அப்படித்தான் அழைத்தார்கள்) அரசர்களைச் சொல்கிறது: சான், சின், சாய், கோ, பு. கடைசியான பு 478-இல் அனுப்பிய மடலில், தன் முன்னோர் கவசம் அணிந்து கிழக்கே 55 நாடுகளையும் மேற்கே 66 நாடுகளையும் கடல் கடந்து வடக்கே 95 நாடுகளையும் அடக்கியதாகப் பெருமைப்படுகிறார். அவரை யூர்யாக்கு என்றே கொள்கிறார்கள். சானும் சின்னும் சகோதரர்கள், கோ சாயின் மகன், பு கோவின் தம்பி என்று எழுதும் அந்த நூல், சாய் சின்னுக்கு என்ன உறவு என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த இடத்தில் வேறு குடும்பம் வந்திருக்கலாம் என்று வாதிடுவோர் உண்டு. ஒரு மௌனத்தை வைத்து அவ்வளவு பெரிய கட்டடம் எழுப்ப எனக்குத் துணிவு இல்லை. ஆனாலும் அந்த மௌனத்தை அப்படியே விட்டுவைத்த எழுத்தரை மதிக்கிறேன்.

இனி கெய்தாய்க்கு வருகிறேன். உன் கேள்விக்கு உண்மையான விடை அவரிடம்தான் இருக்கிறது.

யூர்யாக்கு தன் உறவினர் பலரைத் தீர்த்துக்கட்டியவர். அவர் மகன் செய்னெய்க்குப் பிள்ளை இல்லை. கொலைக்குத் தப்பி ஹரிமா பக்கம் மறைந்து வாழ்ந்த இரு சகோதரர்களைத் தேடிக் கொண்டுவந்து ஒருவர் பின் ஒருவராக அரசராக்கினார்கள். அவர்களில் மூத்தவரான நின்கென்னின் மகன் புரெட்சு. அவரும் பிள்ளையில்லாமல் இறந்தார். அப்போது அமைச்சர் ஓட்டோமோ நோ கனமுரா முதலில் தன்பா நாட்டிலிருந்த ஓர் இளவரசரை அழைக்க ஆள் அனுப்பினார். வந்த படையைப் பார்த்து அவர் பயந்து மலைக்குள் ஓடி மறைந்துவிட்டார். அடுத்துத்தான் வடக்கே எச்சிசென் நாட்டிலிருந்த ஒஹோதோவிடம் போனார்கள். பிற்காலத்தார் கெய்தாய் என்று அழைப்பது இவரைத்தான். 57 வயதில், ஓஜின் அரசரின் ஐந்தாம் தலைமுறை வழித்தோன்றல் என்ற தகுதியில், 507-இல் பட்டமேறினார். ஆனால் அரசின் மையமான யமாத்தோவுக்குள், அதாவது இன்றைய நாராப் பகுதிக்குள், நுழைய முடியவில்லை. குசுஹா, த்சுத்சுகி, ஓட்டோகுனி என்று அரண்மனை மாற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் 526-இல்தான் இவாரேயில் குடியேறினார். எல்லோரும் மனமுவந்து ஏற்ற அரசர் இருபது ஆண்டு வாசலில் நிற்பாரா?

ஐந்து தலைமுறை என்கிறார்களே, நடுவில் இருந்தவர்கள் யார்? நிஹோன் ஷோகியின் கதைப்பகுதி அப்பாவின் பெயரையும் அம்மாவின் பெயரையும் மட்டும் தருகிறது. அந்த நூலோடு ஒரு தனிச்சுருளாக வம்சாவளியும் அரசரிடம் கொடுக்கப்பட்டது, அது பின்னால் தொலைந்துபோனது. நடுப்பெயர்கள் நமக்குக் கிடைப்பது ஜோகூகி என்ற பழைய பதிவில். அதுவும் முழுதாக இல்லை, 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய ஓர் உரைநூலில் மேற்கோளாக ஒட்டியிருக்கிறது. ஆனால் அதன் எழுத்துமுறை நிஹோன் ஷோகியைவிடப் பழையது என்று மொழியறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். எனவே 720-இல் அரண்மனையில் உட்கார்ந்து புனைந்த பெயர்கள் அல்ல இவை. இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தக் காலச் சட்டப்படி நான்காம் தலைமுறைவரைதான் அரச உறவு. 706-இல் ஓர் ஆணை அதை ஐந்தாக நீட்டியது. நிஹோன் ஷோகி அதற்குப் பதினான்கு ஆண்டு கழித்து வந்தது. எல்லைக்கோட்டில் சரியாக நிற்கும் அந்த எண்ணை என்னால் கவனிக்காமல் போக முடியவில்லை. கெய்தாய் தூரத்து உறவு என்பதை நம்புகிறேன். அந்த உறவு மட்டும் அவரை அரசராக்கியது என்பதை நம்பவில்லை.

அவரை அரசராக்கியது ஒரு பெண் என்பது என் எண்ணம். தாஷிராகா. நின்கென்னின் மகள், புரெட்சுவின் உடன்பிறந்தவர். கெய்தாய்க்கு ஏற்கெனவே மனைவிகளும் வளர்ந்த மகன்களும் இருந்தார்கள். ஆனாலும் பட்டமேறிய உடனே தாஷிராகாவைத்தான் பட்டத்தரசியாக ஏற்றார். மூத்த மகன்கள் அன்கான், சென்கா இருவரும் நின்கென்னின் மகள்களையே மணந்தார்கள். தந்தையும் இரண்டு மகன்களும் ஒரே வீட்டில் பெண் எடுத்திருக்கிறார்கள்! தாஷிராகாவின் மகன்தான் கிம்மெய், அவர் வழிதான் இன்றைய குடும்பம். ஆண்வழியாகப் போனால் ஐந்து மெல்லிய கண்ணிகள் தாண்டித்தான் ஓஜினைத் தொட முடியும். அம்மா வழியாகப் போனால் கிம்மெய்க்குத் தாத்தாவே அரசர். 1947-இன் அரச குடும்பச் சட்டம் ஆண்வழி ஆண்மகனுக்கே அரியணை என்கிறது. அதை மாற்றலாமா என்று இங்கே பலகாலமாக விவாதம் நடக்கிறது. அந்த விவாதத்தில் தாஷிராகாவின் பெயரை உரக்கச் சொல்லவேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

உன் குடும்ப வம்சாவளியில் ஏழு பாட்டன்மார் பெயர் கிடைத்துவிட்டது, பாட்டிகளின் பெயர்தான் எங்கும் இல்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது எனக்கு இது எல்லாம்தான் ஞாபகம் வந்தது. உன் பெரிய அத்தை இன்னும் தெளிவாகப் பேசுகிறார்கள் அல்லவா? தாமதிக்காமல் போய் உட்கார்ந்து எழுதிக்கொள்.

பேத்தியைக் கூட்டிக்கொண்டு தகாட்சுகியில் இருக்கும் இமாஷிரோசுகாவுக்குப் போயிருந்தேன். ஏறக்குறைய 190 மீட்டர் நீளப் புதைமேடு, 6-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. கெய்தாயின் உண்மையான கல்லறை இதுவே என்பது ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. ஆனால் அரண்மனை அலுவலகம் அவருக்கென்று வைத்திருப்பது பக்கத்து இபராகி நகரிலுள்ள இன்னொரு மேட்டை. அது அவர் இறப்பதற்குப் பல பத்தாண்டுகள் முன்னாலேயே எழுப்பப்பட்டது. அந்தத் தவறால் ஒரு நன்மை விளைந்தது. அலுவலகத்தின் பொறுப்பிலுள்ள சுமார் 900 கல்லறைகளில் வெளி ஆய்வாளர்கள் விருப்பப்படி தோண்ட முடியாது. பட்டியலில் இல்லாததால் இமாஷிரோசுகாவை நன்றாக ஆராய முடிந்தது. வீடு, பூசாரிப் பெண், வீரன், மல்லன், பறவை என்று இருநூறுக்கும் மேற்பட்ட சுடுமண் உருவங்கள் வரிசையாகக் கிடைத்தன. குமமோத்தோவில் வெட்டிய, அசோ எரிமலை தந்த இளஞ்சிவப்புக் கல்லில் செய்த சவப்பெட்டித் துண்டுகளும் கிடைத்தன. அவ்வளவு தொலைவிலிருந்து கல்லை வரவழைத்திருக்கிறார்கள். 1596 நிலநடுக்கம் மேட்டைச் சரித்துவிட்டது. இன்று அது பூங்கா. குழந்தைகள் மேலேறி ஓடுகிறார்கள், யாரும் தடுப்பதில்லை. உருவங்களின் நகல்களை அதே இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். பேத்திக்குக் கோழி மிகவும் பிடித்துவிட்டது.

தாஷிராகாவுக்கு என்று குறித்திருக்கும் கல்லறையோ அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையது. அவருடையதாக ஆய்வாளர்கள் கருதும் மேடு நாராவில் தென்ரி பக்கம் இருக்கிறது.

அம்மா வழியைப் பேசும்போது இன்னொரு பெயரும் வந்தே தீரும். 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டமேறிய கம்மு பேரரசரின் தாய் தகானோ நோ நீகாசா. அவர் கொரியாவின் பெக்ஜே அரசர் முர்யோங்கின் வழிவந்தவர் என்று அரசவை வரலாறான ஷோகு நிஹோங்கியே எழுதிவைத்திருக்கிறது. 2001 டிசம்பரில் அப்போதைய பேரரசர் அகிஹிதோ தன் பிறந்தநாளையொட்டி, இதனால் கொரியாவோடு ஓர் உறவை உணர்வதாக வெளிப்படையாகச் சொன்னார். முர்யோங்கின் கல்லறையை 1971-இல் கோங்ஜுவில் திறந்தபோது அதன் சவப்பெட்டி ஜப்பானிய மரத்தில் செய்யப்பட்டிருந்தது. பெண்ணும் மரமும் கல்லும் கடலைத் தாண்டிக்கொண்டே இருந்த காலம் அது.

இவ்வளவையும் நானும் நீயும் கடிதத்தில் எழுதிக்கொள்ள முடிகிறதே, அதற்கும் ஒருவர் விலை கொடுத்திருக்கிறார். த்சுதா சோகிச்சி என்ற பேராசிரியர், ஜிம்மு முதலான தொடக்க அரசர்களின் கதைகள் பிற்காலத்துப் படைப்பு என்று எழுதினார். 1940-இல், ஜிம்மு பட்டமேறி 2600 ஆண்டு என்று நாடே விழா எடுத்த அந்த ஆண்டில், அவர் நூல்களைத் தடைசெய்தார்கள். 1942-இல் நீதிமன்றம் அவரையும் பதிப்பாளரையும் குற்றவாளிகள் என்றது. போர் முடிந்தபின், அரச குடும்பம் நீடிக்கவேண்டும் என்று முன்வந்து எழுதியவரும் அவரே. ஒன்றை நேசிப்பதற்காக அதைப் பற்றிப் பொய் சொல்லத் தேவையில்லை என்று வாழ்ந்து காட்டியவராக அவரைப் பார்க்கிறேன்.

குளிர் குறைந்ததும் மகன் என்னைச் சைத்தாமாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறான். அங்குள்ள அருங்காட்சியகத்தில் ஒவாகேயின் வாளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு எழுதுகிறேன். அதற்குள் நீ படியேறப் பழகியிருக்கவேண்டும். மங்கையர்க்கரசிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
சண்முகம்