மீன் வளருற இடத்தையும் காப்பாத்துங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கனடாவின்ட வடக்கில வைரம் எடுக்க ஏரித் தண்ணியையே இறைச்சுப்போட்டுத் தோண்டுறாங்கள், ஆனா அங்கத்தைய மீன்பிடிச் சட்டப்படி மீன் வாழுற இடத்தைக் கெடுக்கிறதெண்டா அனுமதி எடுக்கோணும், அதுக்கு ஈடா வேற வாழிடமும் செய்து குடுக்கோணும். 2012ல இந்தப் பாதுகாப்பைக் குறைச்சிட்டாங்கள், பழங்குடிச் சனமும் விஞ்ஞானிகளும் எதிர்த்தவை, 2019ல திரும்பக் கொண்டுவந்தாங்கள். எனக்கு அதுதான் பெரிய விசயம்.

எங்கட கொட்டியாரக் குடாவில மகாவலி வந்து விழுற பக்கம் கண்டலுக்கையும் கடல்புல்லுக்கையும்தான் இறால் குஞ்சு, மீன் குஞ்சு எல்லாம் வளருது. குடாக்கரையில இருக்கிற சம்பூரில நிலக்கரி மின்நிலையம் கட்டுற திட்டத்தை 2016ல விட்டது நல்லம், ஆனா அடுத்தது வராதா? எங்கட நாட்டு 1996ம் ஆண்டு மீன்பிடிச் சட்டத்தில மீன்பிடி ஒதுக்கிடம், அதாவது மீன் வளத்தைக் காக்க ஒதுக்கிற பகுதி, அறிவிக்க அமைச்சருக்கு அதிகாரம் இருக்கு, அந்த இடங்களை இப்பவே அறிவிக்கச் சொல்லி எழுதுங்கோ ஐயா.

இப்படிக்கு,
மூதூர் வாசகர், திருகோணமலை