நீர்க்கோட்டிலிருந்து தொடங்குங்கள்: படத்திருத்த ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

படத்திருத்தம் கற்றுத்தரும் ஆசிரியர்களுக்கும் அதற்குப் பாடத்திட்டம் எழுதுவோருக்கும்,

வணக்கம். நீரில் பிரதிபலிப்பு உருவாக்கும் பாடம் எங்கே பார்த்தாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல இருக்கிறது. படத்தை நகலெடு, தலைகீழாகத் திருப்பு, கீழே ஒட்டு, ஒப்பாசிட்டியை (ஒளிபுகாமையை) 50 சதவீதத்துக்கு இறக்கு, அலை ஃபில்டர் ஒன்றைப் போடு. முடிந்தது. மாணவர் செய்து காட்டும் படம் முதல் பார்வைக்கு அழகாக இருக்கும், இரண்டாம் பார்வைக்கு ஏதோ இடிக்கும். என்ன இடிக்கிறது என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. பாடத்திலேயே அது இல்லையே! அந்தப் பாடத்தை மாற்றி எழுதக் கேட்கிறோம்.

முதல் கோளாறு கருவியில் இல்லை, கணக்கில் இருக்கிறது. நீரில் தெரிவது நம் கேமரா பார்த்த காட்சியின் நகல் அல்ல. நீர்மட்டத்துக்கு மேலே கேமரா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு ஆழத்தில் கீழே இன்னொரு கேமராவை வைத்து அண்ணாந்து பார்த்தால் கிடைக்கும் காட்சி அது. மேலிருந்து தெரியாத பாலத்தின் அடிப்பக்கம் நீரில் தெரிவதும், கரைக்குப் பின்னால் உள்ளவை நீரில் குட்டையாவதும் இதனால்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. கேமரா நீர்மட்டத்திலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் சாயாமல் நேராக இருக்கிறது. 20 மீட்டர் தள்ளி 2 மீட்டர் உயரச் செங்குத்துக் கரை. கேமராவிலிருந்து 40 மீட்டரில், அந்தக் கரையின் மேல்தளத்தில் 10 மீட்டர் மரம். நேர்ப்பார்வையில் மரத்தின் அடியில் 0.4 மீட்டரைத்தான் கரை மறைக்கும். நீரிலோ 3.6 மீட்டர் மறைந்துபோகும். படத்தில் கரையின் நீர்க்கோடு, அதாவது கரையும் நீரும் சந்திக்கும் கோடு, அடிவானத்துக்கு 80 பிக்சல் கீழே இருப்பதாகக் கொண்டால், மரத்துக்கான திருப்புக்கோடு, அதாவது மரத்தின் தூரத்தில் நீர்மட்டம் விழும், பிம்பத்தை மடிக்கவேண்டிய கோடு, 40 பிக்சல் கீழேதான் வரும். தூரம் இரட்டித்தால் இறக்கம் பாதியாகும். அந்தக் கோடு கரைச்சுவரின் நடுவே எங்கோ விழுகிறது. மொத்தப் படத்தையும் கரையின் நீர்க்கோட்டில் மடித்தால் மரம் நீரில் 80 பிக்சல் கூடுதலாகத் தொங்கும். அந்த இடிப்பு இதுதான்.

ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனித் திருப்புக்கோடு வேண்டும். படத்தின் ஓரிடத்தை மூலமாக எடுத்து இன்னோரிடத்தில் தீட்டும் குளோன் ஸ்டாம்ப் இங்கேதான் கைகொடுக்கிறது. ஃபோட்டோஷாப்பின் குளோன் சோர்ஸ் பேனலில் ஐந்து மூலங்களைச் சேமித்து வைக்கலாம். கரைக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று, தொலைமலைக்கு ஒன்று என்று பிரித்துக்கொடுங்கள். பேனலில் உயரத்தை -100 ஆக்குங்கள். அதற்கு முன் அகலத்தையும் உயரத்தையும் பிணைக்கும் சங்கிலியைக் கழற்றி, அகலம் 100-லேயே நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்து திரும்பினால் படம் 180 பாகை சுழன்றதாகிவிடும். நீரில் தலை கீழாகுமே தவிர, இடம் வலமாகாது. பெயர்ப்பலகை உள்ள படத்தைப் பயிற்சிக்குக் கொடுத்தால் இந்தப் பிழை உடனே மாட்டிக்கொள்ளும்.

பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் வெற்று லேயர் (படத்தின்மேல் வைக்கும் தனி அடுக்கு) ஒன்று. சாம்பிள் என்ற இடத்தில் ‘நடப்பு லேயரும் அதற்குக் கீழும்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அலைண்டு பெட்டியில் டிக் போடவேண்டும். நீர்ப்பரப்பை மட்டும் செலக்‌ஷனில் எடுத்துக்கொண்டால் கரையில் மை படாது. திருப்புக்கோட்டில் ஒரு புள்ளியை ஆல்ட் அழுத்திச் சொடுக்கி, பிரஷையும் அதே புள்ளியில் ஊன்றிக் கீழ்நோக்கி இழுக்கவேண்டும். பிரஷ் இறங்க இறங்க மூலம் மேலேறும். மரத்துக்கு அந்தப் புள்ளி கரைச்சுவர்மேல் இருக்கும். செலக்‌ஷனுக்கு வெளியே என்பதால் அங்கே எதுவும் பதியாது, கணக்கு மட்டும் சரியாகும். மர லேயர் அடியிலும் கரை லேயர் அதன்மேலும் இருந்தால் மறையவேண்டிய 3.6 மீட்டர் தானாக மறையும்.

முதல் சொடுக்கு இரண்டு பிக்சல் பிசகினாலும் கரைக்கும் நீருக்கும் நடுவே இரட்டைக் கோடு ஓடும். ஷோ ஓவர்லேயை (மூலத்தைப் படத்தின்மேல் மங்கலாகக் காட்டும் வசதியை) இயக்கி, 200 விழுக்காட்டுப் பெரிதாக்கத்தில் பொருத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பிரஷின் ஹார்ட்னஸ் (விளிம்பின் கூர்மை) நீர்க்கோட்டருகே 80-க்கு மேல் இருக்கட்டும். மென்பிரஷ் அங்கே புகைபோலப் படியும்.

கிம்ப் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துவோர் லேயரை நகலெடுத்துச் செங்குத்தாகத் திருப்பி, அதில் கன்ட்ரோல் அழுத்தி மூலத்தை எடுத்து, வெற்று லேயரில் தீட்டலாம். பாலத்தின் அடிப்பக்கம் போல மூலப்படத்தில் இல்லாதவற்றை எந்தத் திருப்பலும் தராது. வேறு படத்திலிருந்துதான் குளோன் செய்தாகவேண்டும். கேமரா சாய்ந்து எடுத்த படமென்றால் செங்குத்துக் கோடுகளை முதலில் நிமிர்த்திவிடுங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது.

அடுத்து ஒப்பாசிட்டி. படம் முழுக்க 50 என்று ஒரே எண்ணைக் கொடுப்பது சோம்பேறித்தனம். அசையாத நீரில் அதே 1.6 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால், 3 மீட்டர் தள்ளியுள்ள நீர் ஒளியில் ஏறத்தாழ 7 சதவீதத்தையே திருப்பி அனுப்புகிறது. 9 மீட்டரில் அது 35 சதவீதமாகிறது. நேர்கீழே பார்த்தால் வெறும் 2. எனவே லேயர் மாஸ்க்கில் (லேயரின் பகுதிகளை மறைக்கும் திரையில்) படிப்படியாக மாறும் கிரேடியன்ட் போட்டு, தொலைவில் அடர்த்தியாகவும் காலடியில் மங்கலாகவும் விடவேண்டும். அங்கே நீரின் சொந்த நிறமோ அடித்தரையோ தெரியும். வெளிச்சமான பகுதிகள் நீரில் இருளும், கரும்பகுதிகளோ நீரின் நிறம் கலந்து சற்றே வெளுக்கும்; வெளிச்சத்தைச் சீராக்கும் கர்வ்ஸ் கோட்டில் மேல்முனையைச் சற்றுக் கீழேயும் கீழ்முனையைச் சற்று மேலேயும் இழுத்தால் போதும்.

அலை விஷயத்தில் மாணவர்கள் பிம்பத்தைப் பக்கவாட்டில் நெளியவிடுகிறார்கள். நாம் தாழ்வாகப் பார்க்கும்போது சிற்றலைகள் பிம்பத்தை முக்கியமாக மேலும் கீழுமாகத்தான் இழுக்கின்றன. இரவில் தெருவிளக்கு நீரில் நீண்ட கம்பமாகத் தெரிவது அதனால். ஒரே திசையில் மங்கலாக்கும் மோஷன் பிளரைக் கோணம் 90-ல் (செங்குத்தாக), நீர்க்கோட்டருகே சில பிக்சலும் கீழே போகப்போகக் கூடுதலாகவும் கொடுங்கள். பிக்சல்களை இடம்நகர்த்தும் டிஸ்பிளேஸ் வரைபடம் போட்டால் அலைகள் அருகில் பெரிதாகவும் தூரத்தில் பொடியாகவும் இருக்கவேண்டும். அதில் நடுச்சாம்பல், அதாவது 128, எதையும் நகர்த்தாது. பிளர் கொடுத்த இடத்தில் படத்தின் மணல்தன்மை போய்விடும் என்பதால் முடிவில் ஒன்றிரண்டு சதவீதம் நாய்ஸ் (பொடிப்புள்ளிகள்) சேர்க்கவேண்டும்.

பளபளக்கும் மேசைமேல் வைத்த குப்பியும் இதே பாடத்தில் வரவேண்டும். குப்பியின் அடிவிளிம்பு கீழ்நோக்கி வளைந்திருக்கும். திருப்பினால் இரு வளைவுகளும் நடுவில் மட்டும் தொட்டு, இரு ஓரங்களிலும் வாய்பிளந்து நிற்கும். திருப்பிய பிம்பத்தின் மேல்விளிம்பை வார்ப் என்ற வளைக்கும் கருவியில் அதே வளைவுக்கு மடக்கவேண்டும். இரு முகம் தெரியும் பெட்டியென்றால் ஒவ்வொரு முகத்தையும் தனியாகத் திருப்பி, தனித்தனியே ஸ்கியூ செய்வதுதான் (சாய்ப்பதுதான்) வழி. தொழிலில் அன்றாடம் கேட்கப்படும் வேலை ஏரியைவிட இதுதான். ஏரிப்படம் பார்க்க நன்றாயிருக்கிறது என்பதால் பாடங்களில் அது இடம்பிடித்துக்கொண்டது.

செய்திப்படங்களிலும் ஆவணப்படங்களிலும் இதைச் செய்யக்கூடாது என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

மதிப்பெண் போடும்போது மாணவரின் படத்தில் கைடு கோடுகளை இழுத்துப் பாருங்கள். மரத்தின் உச்சியும் அதன் பிம்பமும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கின்றனவா? இரண்டுக்கும் நடுப்புள்ளி அந்த மரத்துக்குரிய திருப்புக்கோட்டில் விழுகிறதா? அதன்பிறகு லேயர்களைத் திறந்து பாருங்கள். கரைக்கும் மரத்துக்கும் சேர்த்து ஒரே லேயர்தான் இருக்கிறதென்றால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
படத்திருத்தமே தொழிலாகக் கொண்ட சிலர்