வாயில் அடிப்பது வேறு, மூச்சில் இழுப்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் இந்தப் பகுதியில் ஆஸ்துமாவைப் பற்றி ஒரு வாசகர், 'இன்ஹேலரைத் தொட்டால் ஆயுசுக்கும் விடாது, மாத்திரையே மேல்' என்று எழுதியிருந்தார். நான் இராஜபாளையத்தில் இருபத்திரண்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருப்பவள். இதே வாக்கியத்தை வாரத்துக்கு நாலு பேராவது என் கடையில் சொல்கிறார்கள். காதில் விழும்போது பழகிப்போய்விட்டது. அச்சில் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது.

முதலில் மாத்திரைக் கணக்கைப் பார்த்துவிடலாம். சுருங்கிய மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பூட்டமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம். அதே மருந்து இன்ஹேலரில் ஓர் அழுத்துக்கு 100 மைக்ரோகிராம் (ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால் ஒரு மில்லிகிராம்). ஒரு மாத்திரைக்கு நாற்பது அழுத்து ஆகிறது. மாத்திரை வயிற்றில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டுத்தான் நெஞ்சுக்கு வந்து சேர்கிறது. போகிற வழியில் கையை நடுங்க வைக்கிறது, படபடப்பைக் கிளப்புகிறது. 'மாத்திரை போட்ட அன்றைக்கு அறுந்த நூலை முடிச்சுப் போட விரல் நிற்பதில்லை அக்கா' என்று தறி ஓட்டுகிற ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். இன்ஹேலரோ நேராக நுரையீரலுக்குப் போகிறது, சில நிமிடங்களில் வேலை செய்கிறது.

அடுத்தது ஸ்டீராய்டு பயம். டாக்டர் சீட்டில் பெரும்பாலும் இரண்டு பம்ப், அதாவது இன்ஹேலர், எழுதியிருக்கும். நீல நிறத்தில் இருப்பது மேலே சொன்ன சால்பூட்டமால், உடனே இழுப்பை அடக்குவது. மற்றொன்று, கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், மூச்சுக்குழாயின் வீக்கத்தைக் குறைத்து இழுப்பு வராமல் தடுப்பது. இதில்தான் ஸ்டீராய்டு இருக்கிறது. விலையும் கூடுதல், போட்டவுடன் சுகமும் தெரியாது. ஆகவே, 'நீலத்தை மட்டும் கொடு' என்கிறார்கள். ஸ்டீராய்டு வேண்டாம் என்று அதைத் திருப்பித் தரும் அதே மனிதர், மூச்சு முட்டுகிற ராத்திரியில் பொட்டலம் கட்டித் தரும் மாத்திரைகளை ஒரு கேள்வி கேட்காமல் விழுங்குகிறார். அந்தப் பொட்டலத்தில் பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை 10 மில்லிகிராம் கிடக்கும். அவர் வேண்டாமென்று தள்ளிய பம்பில் இருப்பது ஓர் அழுத்துக்கு 200 மைக்ரோகிராம் புடசொனைடு என்கிற ஸ்டீராய்டு. இரண்டும் வேறு வேறு மருந்து, எடையை மட்டும் வைத்துத் தராசில் நிறுத்தக் கூடாதுதான். இருந்தாலும் பயப்பட வேண்டியது எதைப் பார்த்து என்பதையாவது யோசிக்கலாம்.

நீலத்தை மட்டுமே நம்பியிருப்பது ஆபத்து என்று, 'ஜினா' எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 2019-இலேயே சொல்லிவிட்டது. தணல் உள்ளே இருக்கும்போது புகையை மட்டும் விசிறிக்கொண்டிருப்பது போலத்தான் அது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 'பம்ப் அடித்தும் கேட்கவில்லை' என்று ஜனங்கள் சொல்வது பொய் இல்லை. தப்பு எங்களிடம் இருக்கிறது.

சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற ஓர் அம்மா, பழைய சீட்டைக் காட்டி அந்த மாதம் மூன்றாவது நீலப் பம்பை வாங்க வந்தார். ஒரு பம்பில் 200 அழுத்து. மாதம் மூன்று என்றால் ஒரு நாளைக்கு இருபது. சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, 'எப்படி அடிக்கிறீர்கள், செய்து காட்டுங்கள்' என்றேன். வாயை ஆவென்று திறந்தார், அண்ணாக்கைக் குறிவைத்து அழுத்தினார், அவ்வளவுதான். மூச்சை இழுக்கவே இல்லை. மருந்து சாம்பிராணிப் புகை மாதிரி வாய்வழியே வெளியே வந்து என் கல்லாவின் மேல் பரவியது. 'தொண்டையில் ஜில்லென்று இறங்குகிறது தாயி, மருந்து உள்ளே போய்விட்டது' என்றார். மூன்று வருடமாக இப்படியே. எழுதிக் கொடுத்தவரும் காட்டவில்லை, பில் போட்ட நானும் காட்டவில்லை. எந்த டாக்டர் என்று சொல்லப் போவதில்லை. எந்தக் கடை என்று சொல்லிவிட்டேன்.

ஐந்து நிமிட வேலை அது. மூடியைக் கழற்றி நன்றாகக் குலுக்க வேண்டும். மூச்சை முழுதாக வெளியே விட்டு, உதட்டால் குழலை இறுக்கிக்கொண்டு, மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போதே ஒரு முறை அழுத்த வேண்டும். இழுத்த மூச்சைப் பத்து எண்ணும்வரை பிடித்து வைக்க வேண்டும். ஸ்டீராய்டு பம்ப் என்றால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படரும். கேப்ஸ்யூல் போட்டுத் திருகி இழுக்கும் கருவிக்கோ இதற்கு நேர்மாறு: அதை வேகமாக, பலமாக உறிஞ்ச வேண்டும். அந்தக் கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம், அதுவும் மாத்திரை மாதிரி அட்டைப் பெட்டியில்தானே வருகிறது!

சின்னப் பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் கையும் மூச்சும் ஒத்துப்போகாது. அவர்களுக்கு, பம்பைச் செருகி அடித்து நிதானமாக இழுத்துக்கொள்ள ஸ்பேசர் என்கிற குடுவை இருக்கிறது. விலை கேட்டுத் திரும்பிப் போகிறார்கள். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த குடுவையும் இழுப்பு வந்த குழந்தைகளுக்குக் கடைக் குடுவைக்குச் சமமாகப் பயன்பட்டதைக் கேப்டவுன் மருத்துவர்கள் 1999-இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் குழந்தைக்கு லேசாக இரைத்தாலே 'புகை வைக்க', அதாவது நெபுலைசர் கருவியில் மருந்தைப் புகையாக்கி மூச்சில் கொடுக்க, ராத்திரியோடு ராத்திரியாக ஆட்டோ பிடிக்கிறார்கள். தவறில்லை, ஆனால் குடுவையோடு முறையாக அடித்தால் பல சமயம் அந்த ஓட்டம் மிச்சமாகும். உதடு நீலம் பூத்தாலோ பேச முடியாமல் திணறினாலோ கதை வேறு, உடனே ஆஸ்பத்திரிதான்.

என் கோரிக்கைகள் பெரிதல்ல. இன்ஹேலர் எழுதிக் கொடுக்கும் இடத்தில், அரசு நிலையமோ தனியார் கிளினிக்கோ, நோயாளியைத் தன் கையாலேயே ஒருமுறை செய்து காட்டச் சொல்லிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். அடுத்து, மீதி அழுத்துகளைக் காட்டும் எண் எல்லாப் பம்பிலும் கட்டாயம் வர வேண்டும். எண் இல்லாத பம்பில் மருந்து மீதி இருக்கிறதா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கிறார்கள். அது சரியான சோதனையே அல்ல. மருந்து தீர்ந்த பிறகும் வாயு மட்டும் புஸ்ஸென்று வரும், ஆள் ஏமாந்துபோவார். இப்போதைக்கு நான் பம்பைக் கொடுக்கும்போதே கணக்குப் போட்டு, முடியும் தேதியை மார்க்கரால் அதன் மேல் எழுதிவிடுகிறேன். காலை இரண்டு, இரவு இரண்டு என்றால் ஐம்பதாவது நாள்.

பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளோ எறும்பு ஊர்வது போன்ற ஆங்கிலத்தில் இருக்கிறது. அதனால் தங்களிடமும் ஒரு விண்ணப்பம். மே மாத முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா நாள். அன்றைக்கு வழக்கமான வாழ்த்துச் செய்திகளுக்குப் பதிலாக, இன்ஹேலர் இழுக்கும் முறையைப் படம் போட்டுக் கால் பக்கம் வெளியிடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். வெட்டி எடுத்து என் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
இராஜபாளையம்.

(பெயர் வேண்டாம். நாளைக்கும் அதே டாக்டர்களின் சீட்டுகள்தான் என் கடைக்கு வர வேண்டும்.)