பதாகையை இறக்கிவிட்டேன்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். பொங்கலுக்கு நீ ஊருக்கு வராததற்குப் பயணச்சீட்டு கிடைக்காதது காரணம் அன்று என்பதை அறிவேன். ஆனி மாதம் நீ சதுரங்கத்தில் பட்டம் வென்றபோது, பேருந்து நிலையத்தில் உன் படத்தோடு பதாகை வைக்கக் கேட்டு வந்தவர்களிடம் தலையாட்டியவன் நான்தான். 'நம்ம ஊர்ப் பிள்ளை' என்று தேநீர்க் கடையில் சொன்னவர்களே, அடுத்த போட்டியில் நீ தோற்றால் 'என்ன ஆச்சு?' என்று உன்னை நிறுத்திக் கேட்பார்கள் என்பதை அன்றைய பெருமிதத்தில் நான் எண்ணிப் பார்க்கவில்லை. (பதாகையில் உன் தலைப்பெழுத்தைக்கூடத் தவறாகத்தான் அச்சிட்டிருந்தார்கள்.)

2013 நவம்பரில் உனக்கு ஏழு வயது. சென்னையில் விஸ்வநாதன் ஆனந்தும் நார்வேயின் கார்ல்சனும் மோதிய உலகச் சதுரங்கப் பட்டப் போட்டியைத் தொலைக்காட்சியில் இருவரும் சேர்ந்து பார்த்தோம். ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களை அடுத்தடுத்து இழந்திருந்த ஆனந்த், ஒன்பதாவது ஆட்டத்தில் துணிந்து எதிரியின் ராஜாவைத் தாக்கப் போய், 28ஆவது நகர்த்தலில் குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்தார். கார்ல்சனின் சிப்பாய் அப்போதுதான் கடைசி வரிசையை எட்டி ராணியாகியிருந்தது. அந்த ராணியின் அடுத்த நகர்விலேயே ஆட்டம் முடிந்தது. டெஹ்ரான், மெக்சிகோ நகரம், பான், சோபியா, மாஸ்கோ என எங்கெங்கோ பட்டம் வென்றவர், அதை இழந்தது தாம் வளர்ந்த ஊரில், தம்மைச் சிறுவனாகப் பார்த்தவர்களின் கண் முன்னால். தோற்ற கையோடு அவர் செய்தியாளர்களுக்கு முன் அமர்ந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, "அவர் ஏன்பா இன்னும் வீட்டுக்குப் போகல?" என்று நீ கேட்டாய். அது போட்டியின் விதி என்று சொல்லி உன்னைத் தூங்க வைத்தேன்.

நான்கே மாதத்தில், சைபீரியாவின் கான்டி மான்சிஸ்க் நகரில் அடுத்த உலகப் பட்டப் போட்டிக்காக நடந்த தகுதிப் போட்டியில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல், ஒரு சுற்று மீதமிருக்கையிலேயே அவர் முதலிடத்தை உறுதி செய்தார். நீயும் அப்படி வென்று காட்ட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தம்மிடம் யாரும் பெரிதாக எதிர்பார்க்காத தூரதேசத்தில் ஆடியது அவருக்கு நிம்மதியைத் தந்திருக்கும் என்பது என் ஊகம். உனக்கு நம் வீடு அப்படியோர் இடமாக இருந்திருக்க வேண்டும். நானோ வீட்டு வாசலையும் மேடையாக்கிவிட்டேன்.

மாசியில் இரண்டு நாள் விடுப்பு கிடைத்தால் வா. இரவுப் பேருந்தில் ஏறினால் விடியுமுன் இறங்கிவிடலாம். நான் வண்டியோடு நிற்பேன். பதாகையை நானே இறக்கிக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது அது உன் முகம் கீழ்ப்பக்கமாகக் கொல்லையில் வைக்கோல் போரை மூடிக் கிடக்கிறது. நேற்றைய மழையில் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை.

அன்புடன்,
அப்பா