கிராவர்லாண்டா ஆற்றங்கரையில்

அன்பு மகளுக்கு,

மறுபடியும் ஐஸ்லாந்து போக நீ கேட்ட வரைபடம் கிடைத்துவிட்டது. உன் பள்ளிக்கூடக் கொப்பிகள் வைத்த பெட்டியின் அடியில் இருந்தது. மடிப்புகளில் நைந்து, கிழக்கு ஐஸ்லாந்துப் பக்கத்தில் ஒரு துளை விழுந்திருக்கிறது. நீ பென்சிலால் போட்ட கோடு மட்டும் அழியவில்லை. இந்தக் கடிதத்தோடு சேர்த்து அனுப்புகிறேன்.

அன்று தொலைபேசியில் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "இந்த முறை நான் வழியைத் தவறவிடமாட்டேன், அப்பா." அதன் பிறகு எனக்கு இரண்டு இரவுகள் சரியாக உறக்கம் வரவில்லை. நீ அதை இன்னும் நினைவில் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. வின்னிபெக்கில் உனக்கென்று ஒரு குடும்பம், வேலை, இரண்டு பிள்ளைகள். இவ்வளவுக்கும் நடுவே 14 வயதில் நடந்தது அப்படியே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். தொலைபேசியில் சொல்ல வாய் வரவில்லை.

2009 கோடை அது. முந்தைய இலையுதிர் காலத்தில் ஐஸ்லாந்தின் வங்கிகள் கவிழ்ந்து, அந்த நாட்டுக் குரோனாவின் மதிப்பு சரிந்திருந்தது. இல்லாவிட்டால் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த என்னால் நான்கு பேரை அங்கே கூட்டிச்சென்றிருக்க முடியாது. பழைய ஜீப் ஒன்றை வாங்கினோம். டென்மார்க்கில் நோரோனா கப்பலில் அதை ஏற்றினோம். கப்பல் ஃபாரோ தீவுகளில் நின்றபோது தம்பி வாந்தி எடுத்துக் களைத்துப்போயிருந்தான். உன் கையில் மட்டும் கொப்பி. அம்மா இரண்டு பெரிய டப்பாக்களில் கட்டுச்சம்பலும் ஒரு டப்பாவில் பயற்றம் பணியாரமும் கொண்டுவந்திருந்தார்.

செய்திஸ்ஃபியோர்டுரில் இறங்கி மலையேறினால் ஜூலை மாதத்திலும் பாதையோரம் பனி கிடந்தது. எகில்ஸ்ஸ்டாடிரைத் தாண்டியதும் பச்சை மெல்ல மெல்லக் குறைந்து, பிறகு அறவே நின்றுபோனது. கறுப்பு மணல், கறுப்புக் கல், நடுவே ஒரு தெரு. அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இங்கே எப்படி மனிதர் இருந்தார்கள்?" என்று கேட்டார். மோட்ருடாலுர் பண்ணையில் அதற்குப் பதில் கிடைத்தது. கடல் மட்டத்திலிருந்து 469 மீட்டர் உயரம். அந்த நாட்டில் மக்கள் வாழும் பண்ணைகளில் அதுவே ஆக உயரத்தில் இருக்கிறது. இறந்துபோன மனைவியின் நினைவாக அங்கிருந்த விவசாயி ஒருவர் 1949-இல் தானே ஒரு சிறிய தேவாலயம் கட்டியிருக்கிறார். பீடத்துக்கு மேலிருக்கும் ஓவியத்தையும் அவரே வரைந்தார். கைதேர்ந்த ஓவியம் என்று சொல்ல முடியாது. ஆனால் அம்மா அதன் முன்னால் நின்று கண்களைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

உனக்கு இவை எதுவும் பெரிதாகப்படவில்லை. உனக்கு அஸ்கியா வேண்டும். அந்த எரிமலையைப் பற்றி ஒரு கொப்பி நிறைய எழுதி வைத்திருந்தாய். 1875 மார்ச் மாதம் அது வெடித்தபோது சாம்பல் ஸ்காண்டிநேவியா வரை பறந்ததையும், கிழக்குப் பகுதியில் மேய்ச்சல் நிலம் கெட்டு, ஆடுமாடு செத்து, குடும்பம் குடும்பமாகக் கப்பலேறி வட அமெரிக்காவுக்குப் போனதையும் நீதான் கப்பலில் எங்களுக்கு வாசித்துக் காட்டினாய். சொந்த ஊரை விட்டு ஓடியவர்களின் கதை எங்கே நடந்தாலும் என் காது தானாக நீண்டுவிடும். அவர்களின் சந்ததியார் வாழும் கிம்லி, நீ இன்று இருக்கும் ஊரிலிருந்து சிறிது தூரம்தான் என்பது அப்போது யாருக்குத் தெரியும்!

நிலவுக்குப் போகவிருந்த விண்வெளி வீரர்கள் 1965-இலும் 1967-இலும் அந்தப் பக்கம் வந்து பாறைகளைப் படித்தார்கள் என்றும் எழுதியிருந்தாய். ஆனால் உன் மனத்தைப் பிடித்து வைத்திருந்தது வேறு கதை. 1907-இல் அஸ்கியா ஏரியில் வால்டர் ஃபான் க்னேபல், மாக்ஸ் ருட்லோஃப் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் படகோடு காணாமற்போனார்கள். உடல்கள் கிடைக்கவில்லை. அடுத்த கோடையில் க்னேபலை மணக்கவிருந்த இனா ஃபான் கிரும்ப்கோவ் என்ற பெண் குதிரையில் ஏறி அந்தப் பாலைவனத்தைக் கடந்து அவரைத் தேடி வந்தார். அவர்களின் நினைவாக ஏரிக்கரையில் கற்குவியல் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு கல் வைக்கவேண்டும் என்று டென்மார்க்கிலிருந்தே ஒரு வெள்ளைக் கூழாங்கல்லை நீ சட்டைப்பையில் கொண்டுவந்தாய்.

ஹ்ரோஸ்ஸபோர்க் பள்ளத்தருகே எஃப் 88 பாதையில் திரும்பினோம். முன் இருக்கையில் நீ, மடியில் வரைபடம். சலவைப் பலகை மாதிரி வரிவரியான மண். பிறகு எரிமலைக் குழம்பு உறைந்த பாறை மேலேயே ஏறி இறங்கும் தடம். இடப்பக்கம் யோகுல்சா ஆறு சாம்பல் நிறத்தில் ஓடியது. எதிரே ஹெர்டுபிரெய்ட் மலை, 1,682 மீட்டர். பனிப்பாளத்துக்கு அடியில் வெடித்த எரிமலை என்பதால் அதன் உச்சி மேசைபோலத் தட்டையாக இருக்கிறது என்று நீ தம்பிக்கு விளக்கிக்கொண்டு வந்தாய். எத்தனை மெதுவாக ஓட்டினேன் என்று உனக்கு நினைவிருக்கும்.

பிறகு கிராவர்லாண்டா ஆறு வந்தது. பாலம் கிடையாது. தடம் தண்ணீருக்குள் இறங்கி மறுகரையில் ஏறியது. கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீர். அடியிலிருந்த கல்லை எண்ணிவிடலாம். காரை நிறுத்திவிட்டு நான் காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். நான்கைந்து அடி வைத்ததும் காலுக்கு உணர்வு போய்விட்டது. நடு ஆற்றில் தண்ணீர் தொடையைத் தொட்டது. காலடியில் ஒரு கல் புரண்டது. அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தேன். பின் இருக்கையில் தம்பி கண்ணாடியில் மூக்கை அழுத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மகளே, எனக்குப் பயம் வந்துவிட்டது. அப்படியொரு பயம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை.

கரையேறி வந்து என்ன சொன்னேன்? "இது அஸ்கியாவுக்குப் போகும் பாதை அல்ல. பாதை பிரிந்த இடத்தில் நீ தவறாகச் சொல்லிவிட்டாய்" என்றேன். நீ வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "இல்லை அப்பா, ஆற்றின் பெயர் இதோ இருக்கிறது" என்றாய். நான் குரலை உயர்த்தினேன். "வாசிக்கத் தெரியாவிட்டால் வாங்கி வைத்திருக்கக் கூடாது" என்றேன். அந்தச் சொற்கள் அப்படியே என் நினைவில் இருக்கின்றன. நீ சரியாகத்தான் வாசித்தாய். ஓர் எழுத்துக்கூட நீ தவறவிடவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நான் ஜீப்பைத் திருப்பிய சற்று நேரத்தில் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். நம்முடையதைப் போன்ற ஒரு வாகனம் எங்கிருந்தோ வந்து, நின்று, பிறகு மெல்ல நீருக்குள் இறங்கி மறுகரை ஏறியது. நீ தலையைக் குனிந்திருந்தாய். உனக்கு அது தெரியாது. நானும் சொல்லவில்லை.

அன்று இரவு மீவாட்ன் ஏரிக்கரையில் கூடாரம் அடித்தோம். கொசுவைப் போன்ற சிறுபூச்சிகள் மேகமாக மொய்த்தன. ஏரியின் பெயரே அவற்றால் வந்ததுதான். நிலத்தடி வெப்பத்தில் ஒரு நாள் முழுக்கப் புதைத்துச் சுட்ட கறுப்பு ரொட்டியில் அம்மா சம்பல் வைத்துத் தந்தார். தம்பி மூன்று துண்டு சாப்பிட்டான். நீ தொடவில்லை. மறுநாள் ரெய்க்யாஹ்லீட் தேவாலயத்தில், 1729-இல் எரிமலைக் குழம்பு வந்து பண்ணை வீடுகளை விழுங்கி, ஆலயத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போன இடத்தில், உறைந்த கருங்கல் மதிலைக் காட்டி நான் உன்னோடு பேச்சுக்கொடுத்துப் பார்த்தேன். "ம்" என்றாய். டெட்டிஃபாஸ் அருவிக்குப் போனபோது அந்தக் கூழாங்கல்லை நீ தண்ணீரில் எறிந்துவிட்டாய். 44 மீட்டர் கீழே அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நான் வல்வெட்டித்துறையில் கடலோடிகளின் குடும்பத்தில் பிறந்தவன். என் தகப்பனாரும் அவர் தகப்பனாரும் கடலில் வாழ்ந்தவர்கள். தண்ணீருக்குப் பயப்படாதவர்கள் நாங்கள் என்று உங்கள் இரண்டு பேருக்கும் எத்தனை கதை சொல்லி வளர்த்தேன்! அத்தனை கதை சொன்ன பிறகு, தொடையளவுத் தண்ணீரில் நின்று நடுங்கியதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. என் மானத்தைக் காக்க உன் தலையில் பழியைப் போட்டேன். என்னை மன்னித்துக்கொள், பிள்ளை.

திரும்பியது தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். துணைக்கு இன்னொரு வாகனம் இல்லாமல், ஏழு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு, முன்பின் பழக்கமில்லாத ஒருவன் இறங்கக் கூடாத ஆறு அது. நீ போகும்போது இவற்றை மனத்தில் வை. பனிப்பாளத்திலிருந்து வரும் ஆறுகள் காலையில் தணிந்தும், வெயில் ஏற ஏறப் பெருகியும் இருக்கும். ஆகையால் விடியலில் புறப்படு. சலசலத்து அகன்று ஓடுகிற இடம் பெரும்பாலும் ஆழம் குறைந்தது. அமைதியாக இருக்கும் இடத்தை நம்பாதே. தண்ணீரில் இறங்குமுன் தாழ்ந்த கியரைப் போட்டுக்கொள், நடுவில் மாற்றாதே. ஒரு மனிதரால் நடந்து கடக்க முடியாத ஆற்றில் வாகனத்தை இறக்காதே. காற்றுள்ள நாளில் கதவை இரண்டு கையாலும் பிடித்துத் திற. அஸ்கியா ஏரிக்கரையில் காவலர்கள் சொல்வதைக் கேள். 2014 ஜூலையில் மலைச்சரிவு ஒன்று ஏரிக்குள் விழுந்து பெரிய அலையே எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கி ஆறு மாதம் ஹோலுஹ்ராவுன் என்ற இடத்தில் எரிமலைக் குழம்பு பொங்கி, சுமார் 85 சதுர கிலோமீட்டர் புதிய நிலம் கிடக்கிறது. நாம் போனபோது அந்தப் பாறை உலகத்திலேயே இருக்கவில்லை. பிள்ளைகளுக்கு அதைக் காட்டு.

"நீங்களும் வாருங்கள்" என்று கேட்டாய். அன்று பிடிகொடுக்காமல் பேசினேன். இப்போது சொல்கிறேன், நானும் அம்மாவும் வருகிறோம். ஓட்டுவது நீ. முன் இருக்கையில் மருமகன் வரைபடத்தோடு இருக்கட்டும். நான் பின்னால் பேரப்பிள்ளைகளுக்கு நடுவே இருப்பேன். தொடைவரை வரும் ரப்பர் காலணி ஒரு சோடி வாங்கிவிட்டேன். கடற்கரையில் பொறுக்கிய வெள்ளைக் கூழாங்கல் ஒன்றும் மேசையில் இருக்கிறது. கிராவர்லாண்டா ஆற்றில் முதலில் இறங்கிப் பார்ப்பவன் நான்தான். தண்ணீர் தொடைக்கு மேலே ஏறினால், பிள்ளைகளுக்கும் கேட்கும்படி, எனக்குப் பயமாக இருக்கிறது, திரும்புவோம் என்று சொல்வேன்.

அன்புடன்,
அப்பா