கேட்காமல் வரும் தொலைபேசிப் புத்தகம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் பல ஊர்களில், யாரும் கேட்காமலேயே ‘யெல்லோ பேஜஸ்’ எனும், கடைகள், நிறுவனங்களின் தொலைபேசி எண்கள் அடங்கிய புத்தகம் இன்னும் வாசலில் வந்து விழுகிறது. எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் பைகூடப் பிரிக்காத புத்தகங்கள் வாரக்கணக்கில் கிடக்கின்றன. அப்புறம் அப்படியே குப்பைக்குப் போகின்றன. பார்க்க மனம் பொறுக்கவில்லை.

சியாட்டில் நகரம் 2010-இல் இதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. வேண்டாம் என்பவர்கள் நகராட்சியிடம் பதிந்தால் போதும்; மீறிப் போடும் பதிப்பாளருக்கு அபராதம். பதிப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். இந்தப் புத்தகங்களுக்கும் பேச்சுரிமைப் பாதுகாப்பு முழுமையாக உண்டு என்று 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளிக்க, சட்டம் செல்லாமல் போனது. அவர்களுடைய பேச்சுரிமை சரி, என் வாசலில் எது விழலாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இல்லையா?

இப்போதைக்கு உள்ள வழி, பதிப்பாளர் தரப்பே நடத்தும் ‘யெல்லோ பேஜஸ் ஆப்ட் அவுட்’ இணையதளம்தான். உங்கள் ஜிப் கோடை (அஞ்சல் குறியீட்டு எண்) கொடுத்தால் அந்தப் பகுதிக்கு வரும் புத்தகங்களைக் காட்டும். வேண்டாதவற்றை நிறுத்தச் சொல்லலாம். அச்சுக்குப் போவதற்குப் பல வாரங்கள் முன்பே பதிந்துவிடுவது நல்லது. வீடு மாறினால் புது முகவரிக்கு மறுபடியும் பதிய வேண்டும்.

இணையம் பழகாத பெரியவர்கள் சிலருக்கு இந்தப் புத்தகம் இன்றும் தேவைப்படுகிறது. அவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். கேட்டவருக்கு மட்டும் கொடுப்பது என்பதைப் பதிப்பாளர்கள் தாங்களாகவே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே வந்துவிட்டதை, பிளாஸ்டிக் பையைக் கழற்றிவிட்டு, மறுசுழற்சித் தொட்டியில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வாஷிங்டன் மாநிலம்