விற்றவர்களைப் பற்றியும் பேசுங்கள்: மும்பையின் மக்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மும்பையின் எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்கு,

வணக்கம். கோடீஸ்வரர்கள் கிரிக்கெட்டை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்று மேடையில் கொதிக்கிறீர்கள். விற்றது யார்? 2008 ஜனவரியில் ஐபிஎல் அணிகள் ஏலம் போனபோது கிரிக்கெட் வாரியத் தலைவர் சரத் பவார். அப்போது அவர் மத்திய வேளாண் அமைச்சரும்கூட. மும்பை அணியை ரிலையன்ஸ் 11.19 கோடி டாலருக்கு எடுத்தது. 2022-ல் மும்பை கிரிக்கெட் சங்கத் தேர்தல் வந்தது. அரசியலில் எதிரும் புதிருமான பவார் தரப்பும் பாஜகவின் ஆஷிஷ் ஷெலார் தரப்பும் ஒரே கூட்டணியாக நின்றன.

ஐபிஎல்லை நடத்தும் இந்திய கிரிக்கெட் வாரியம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான அமைப்பு. ஐபிஎல் நடத்துவதால் வரிச்சலுகை தரும் அதன் அறநிறுவனத் தகுதி போகாது என்று 2021-ல் மும்பை வருமானவரித் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டே ஐந்து ஆண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. அதில் கணிசமான பங்கு அணி முதலாளிகளுக்கு வருகிறது. லக்னோ அணிக்கு 7,090 கோடி கொடுக்க ஆள் வந்தது இந்த வரவை நம்பித்தான்.

எங்களுக்குப் பொறுக்காதது போலீஸ் பந்தோபஸ்துக் கட்டணம். ஆட்டம் முடிந்தபின் மும்பை கிரிக்கெட் சங்கத்துக்குப் பில் போகிறது, பாக்கி ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. 2023 ஜூனில் மகாராஷ்டிர அரசு அந்தக் கட்டணத்தைக் குறைத்ததோடு, குறைப்பை 2011-லிருந்தே முன்தேதியிட்டு அமல்படுத்தியது. வரவேண்டிய 14.82 கோடி ரூபாய் இதனால் கைவிட்டுப் போகிறது என்று பொதுநல வழக்கு வந்தது. குடிசைவாசிகளிடம்கூடத் தண்ணீர் வரியை உயர்த்துகிறீர்களே, பணக்கார வாரியத்துக்கு எதற்குச் சலுகை என்று 2024-ல் உயர்நீதிமன்றம் கேட்டது. தாராவிக்காரர்கள் மாநகராட்சி மைதானத்தில் விழா எடுத்தால் வாடகையும் டெபாசிட்டும் முன்னதாகவே கட்டுகிறார்கள். வான்கடே மைதானத்துக்கு மட்டும் ஏன் கடன்?

செய்யவேண்டியது கடினமல்ல. முழுக் கட்டணமும் கட்டிய ரசீது இல்லாமல் ஆட்டத்துக்குப் போலீஸ் அனுமதி தரக்கூடாது. எத்தனை காவலர், எத்தனை ஷிஃப்ட், மொத்தம் எவ்வளவு என்ற கணக்கு அந்த அனுமதிக் கடிதத்திலேயே இருக்கட்டும். பில்லைப் பின்னால் அனுப்புவதால்தான் பேரம் பேச இடம் கிடைக்கிறது. முன்தேதியிட்டுக் குறைக்கும் அதிகாரத்தையும் விதியிலிருந்தே நீக்குங்கள்.

இலவசப் பாஸும் உண்டு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எந்த எம்.எல்.ஏ., எந்த அமைச்சர் அலுவலகத்துக்கு எத்தனை பாஸ் போனது என்ற பட்டியலைச் சங்கம் வெளியிடவேண்டும். அணி முதலாளியின் தனி மாடத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பவருக்கு, மறுநாள் அந்த முதலாளியின் பணத்தைத் திட்டும் தகுதி கிடையாது.

அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரில் உங்களில் யார் இந்த வசூல் விதியைக் கேள்வியாக எழுப்பப்போகிறீர்கள்? பெயரோடு, எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழர்கள்